16 ஜிபி என்று எழுதினால் போதுமா?

கணக்கீட்டை நம்பி எழுதப்படும் ஆய்வேடுகளில் தவறாமல் ஒரு வரி இடம்பெறும். இச்சோதனைகள் அனைத்தும் ஆறு கோர் கொண்ட இன்ன புராசசரும் 16 ஜிபி ரேமும் உடைய மேசைக்கணினியில் செய்யப்பட்டன என்பது அந்த வரி. எழுதுபவர் அதை யோசித்து எழுதுவதில்லை. படிப்பவர் அங்கே நின்று படிப்பதும் இல்லை. வாய்மொழித் தேர்வில் அந்த வரியைக் குறித்து ஒரு கேள்வி எழுவது அரிது. கிழக்கிந்தியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் அந்த வரி இரண்டு கணினிகளுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. ஒரே புராசசர், ஒரே 16 ஜிபி, ஒரே லினக்ஸ் பதிப்பு. ஆயினும் ஒன்றில் ஓடிய நிரல் மற்றொன்றில் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. அந்த வித்தியாசத்தின் காரணம் தெரியாமல் இருந்த சில மாதங்களில், ஒரு மாணவனின் இரண்டாண்டு உழைப்பு வீண் என்ற முடிவு அநேகமாக எழுதப்பட்டேவிட்டது.

மாணவன் பீகாரின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீர் மட்டம் எப்படி நகர்கிறது என்பதைக் கணிக்கும் நிரல் அவனுடைய ஆய்வு. நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு சமன்பாடு எழுதினால் பல இலட்சம் வரிசைகள் கொண்ட ஓர் அணி கிடைக்கும். ஒரு கட்டம் தன் அண்டைக் கட்டங்களோடு மட்டுமே நீரைப் பரிமாறிக்கொள்ளும் என்பதால் அந்த அணியில் பெரும்பாலும் பூச்சியங்களே நிறைந்திருக்கும். பூச்சியமல்லாத எண்களை மட்டும் சேமித்துவைத்து, அணியைத் திரும்பத் திரும்ப ஒரு நெடுவரிசையோடு பெருக்குவதுதான் நிரலின் முழு வேலையும். வழக்கமான முறையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட், அது எந்த நிரையில் இருக்கிறது என்ற குறிப்புக்கு 4 பைட், ஆக 12 பைட் தேவை. மாணவன் அந்தக் குறிப்பை முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எழுதி 2 பைட்டில் அடக்கினான். 12 என்பது 10 ஆயிற்று. ஆறில் ஒரு பங்கு சேமிப்பு. பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆனால் நேர்மையான, கணக்குப் போட்டு எதிர்பார்க்கக்கூடிய முன்னேற்றம்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை. அதே ஆய்வகத்தில் முன்பு பட்டம் பெற்றுச் சென்ற ஒருவரின் ஆய்வேட்டில், பழைய முறைக்கு 412 விநாடி என்று அட்டவணை சொன்னது. அதே கணக்கிற்கு மாணவனின் புதிய முறை 655 விநாடி எடுத்தது. பழைய நிரலைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் அது கையில் இல்லை. எழுதியவர் வேலைக்குப் போய்விட்டார். ஆய்வகத்தின் கோப்புறையில் முடிவுகள் இருந்தன, நிரல் இல்லை. (நம் ஆய்வகங்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. மாணவர் போகும்போது நிரலும் மடிக்கணினியோடு போய்விடுகிறது. அட்டவணை மட்டும் கல்வெட்டாக நின்றுவிடுகிறது.)

நெறியாளர் கடுமையானவர் அல்லர். முறை நேர்த்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறதே என்று வருத்தத்தோடுதான் சொன்னார். குறிப்பைச் சுருக்கியதை மீண்டும் விரிக்கும் செலவு சேமிப்பை விழுங்கிவிட்டது என்பது அவருடைய ஊகம். ஊகத்தில் பிழையில்லை, அப்படி நடக்கக்கூடியதுதான். மாணவனும் அதை நம்பினான். விரிக்கும் பகுதியை மூன்று முறை மாற்றி எழுதினான். 655 என்பது 648 ஆகும், மறுநாள் 657 ஆகும்.

இதற்கிடையில் இரண்டாண்டு முடிந்து இளநிலை ஆய்வு நல்கையிலிருந்து முதுநிலைக்கு உயர்த்தும் மதிப்பீடு நெருங்கியது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விகிதப்படி முன்னது மாதம் 37,000 ரூபாய், பின்னது 42,000. குழு 'முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை' என்று எழுதினால் ஐயாயிரம் ரூபாய் தள்ளிப்போவது மட்டுமன்று. அந்தச் சொற்றொடர் கோப்பில் தங்கிவிடும். தலைப்பை மாற்றிக்கொள் என்ற அறிவுரை அடுத்து வரும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவனுக்கு அந்த அறிவுரையின் விலை என்னவென்று குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் முன் இருப்பது இரண்டு எண்கள், 412, 655.

ஆய்வகத்தின் மூலையில் இருந்த பழைய கணினி ஐந்தாம் ஆண்டு ஆய்வாளர் ஒருத்தியின் பொறுப்பில் இருந்தது. பட்டம் பெற்றுச் சென்றவர் பயன்படுத்தியதும் அதுதான். அவள் தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்ததால் இரவில் அது சும்மா இருந்தது. "தீதி, என் கம்ப்யூட்டரில் வேறு ஒரு ரன் ஓடுகிறது, இன்று ராத்திரி உங்களுடையதில் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா" என்று மாணவன் கேட்டான். காலையில் திரையில் இருந்த எண் 356.

அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது நெறியாளர் மகிழவில்லை. அதுதான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி. "ஒரே நிரல் ஒரே மாதிரிக் கணினிகளில் 356, 655 என்று ஓடுகிறது என்றால் இரண்டில் எதை நம்புவது? காரணத்தோடு சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் அறிக்கையில் எழுதமாட்டேன்" என்றார். மதிப்பீட்டிற்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல் விழுந்தது. மே மாதம், ஏ.சி. பழுது, தொழில்நுட்ப உதவியாளர் கணினியைத் தொட்டுப் பார்த்து "சூடு ஏறினால் மெதுவாகத்தான் மேடம் ஓடும்" என்றார். புராசசரின் வெப்பநிலையையும் கடிகார வேகத்தையும் விநாடிக்கொரு முறை பதிவு செய்தார்கள். வேகம் எங்கும் குறையவில்லை. பின்னணியில் ஓடும் நிரல்கள், மின்சேமிப்பு அமைப்பு, கம்பைலர் பதிப்பு என்று வரிசையாகச் சரிபார்த்தார்கள். 2009இல் மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகிய நால்வர் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையில் பலருக்கும் தெரியும். நிரல் கோப்புகளை இணைக்கும் வரிசை மாறினாலும், இயங்குதளத்தின் சூழல் மாறிகளின் நீளம் மாறினாலும்கூட அளக்கப்படும் வேகம் மாறும் என்று காட்டிய கட்டுரை அது. எனவே ஒரே இயங்குகோப்பை இரு கணினிகளிலும் ஒரே சூழலில் வைத்து ஓட்டினார்கள். அத்தகைய காரணங்களால் வந்த ஆட்டம் நூற்றுக்கு மூன்று, நான்கு. விளக்க வேண்டியதோ எண்பத்து நான்கு.

நினைவகத்தை அளக்கலாம் என்று தோன்றியது ஐந்தாம் நாள்தான். இதில் வியப்பில்லை. கணினியின் வேகம் என்றாலே புராசசர் என்றுதான் மனம் போகும். ரேம் என்பது கொள்ளளவு, நிரம்பினால் பிரச்சினை, நிரம்பாவிட்டால் இல்லை என்பதுதான் பொதுப் புத்தி. ஆனால் மாணவனின் நிரலைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டாலே நிலைமை தெரிந்துவிடும். ஓர் எண்ணுக்கு 12 பைட் வந்து சேர்ந்தால்தான் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் நடக்கும். விநாடிக்கு 14 ஜிகாபைட் வந்து சேர்கிறது என்று கொண்டால் விநாடிக்குச் சுமார் 230 கோடிக் கணக்குகள் நடக்கும். அந்த ஆறு கோர்களும் சேர்ந்து கோட்பாட்டளவில் செய்யக்கூடியது அதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அதாவது புராசசர் பெரும்பாலான நேரம் வரவேண்டிய எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. உல்ஃபும் மெக்கீயும் 1995இல் எழுதிய சிறு கட்டுரையில் 'நினைவகச் சுவர்' என்று பெயரிட்டது இந்த நிலைமையைத்தான்.

அளப்பதற்குக் கையில் எடுத்தது ஸ்ட்ரீம் என்ற நிரல். ஜான் மெக்கால்பின் 1990களின் தொடக்கத்தில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதியது. அவர் அப்போது கடலோட்டங்களைக் கணினியில் கணித்துக்கொண்டிருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. நினைவகத்தின் வேகம்தான் தன் ஆய்வின் வேகம் என்று முதலில் உணரவேண்டியிருந்தவர்கள், நீரையும் காற்றையும் கட்டம் கட்டிக் கணிப்பவர்களே. ஸ்ட்ரீம் செய்வது நான்கே காரியங்கள். ஒரு நீண்ட எண் வரிசையை இன்னொன்றுக்குப் படியெடுப்பது. ஒரு மாறிலியால் பெருக்கி எழுதுவது. இரண்டு வரிசைகளைக் கூட்டுவது. ஒன்றைப் பெருக்கி மற்றொன்றோடு கூட்டி மூன்றாவதில் எழுதுவது. கடைசிக்கு ட்ரையட் என்று பெயர். எத்தனை பைட் போய்வந்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று, வகுத்தால் விடை. இவ்வளவு எளிய நிரல் முப்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதன் எளிமைதான்.

எளிமையிலும் சறுக்குவதற்கு இடம் உண்டு. சோதனை சீக்கிரம் முடியட்டும் என்று மாணவன் வரிசையின் நீளத்தை ஓர் இலட்சமாகக் குறைத்து ஓட்டினான். விநாடிக்கு நூறு ஜிகாபைட்டுக்கு மேல் என்று வந்தது. அது இயலாத எண். டிடிஆர்4-2666 வகை நினைவகத்தின் ஒரு சேனல் 8 பைட் அகலமுள்ள பாதை, விநாடிக்கு 266.6 கோடி முறை தரவைக் கடத்தும், பெருக்கினால் 21.3 ஜிகாபைட். இரண்டு சேனல் என்றாலும் 42.7. அதற்கு மேல் ஓர் எண் வந்தால் அளக்கப்பட்டது ரேம் அன்று, புராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ். ஓர் இலட்சம் எண்கள் கொண்ட மூன்று வரிசைகளும் சேர்ந்து 2.4 எம்பி, 12 எம்பி கேஷில் அவை மொத்தமாக அடங்கிவிடும். வரிசை ஒவ்வொன்றும் கேஷின் மொத்த அளவைப் போல் நான்கு மடங்காவது இருக்கவேண்டும் என்று ஸ்ட்ரீமின் விதியே சொல்கிறது. ஒரு கோடி எண்கள், வரிசைக்கு 80 எம்பி என்று வைத்து மீண்டும் ஓட்டினார்கள்.

மாணவனின் கணினியில் ட்ரையட் 14.2. மூலைக் கணினியில் 26.3. வகுத்தால் 1.85. இங்கே 655ஐ 356ஆல் வகுத்தால் 1.84.

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். உண்மையில் இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆனால் மூத்தவள் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. 21.3 வரவேண்டிய இடத்தில் 14.2 ஏன், இதுவும் பழுதா என்று கேட்டாள். இதற்கு விடை, பைட்டை எண்ணும் முறையில் இருக்கிறது. ட்ரையட்டில் இரண்டு எண்களைப் படித்து ஒன்றை எழுத வேண்டும். ஸ்ட்ரீம் அதை 24 பைட் என்று எண்ணுகிறது. புராசசரோ, எழுதவேண்டிய இடத்தையும் முதலில் 64 பைட் வரியாகக் கேஷுக்குள் படித்துக்கொண்டு, அதன்பின் மாற்றித் திருப்பி அனுப்புகிறது. ஆகவே உண்மையில் பாதையில் போய்வருவது 32 பைட். ஸ்ட்ரீம் காட்டும் எண் உண்மைப் போக்குவரத்தில் முக்கால் பங்கு. 21.3இல் முக்கால் 16, அதில் 14.2 என்பது நல்ல தேர்ச்சி. 42.7இல் முக்கால் 32, அதில் 26.3 என்பதும் வழக்கமானதே. இரண்டு கணினிகளும் நலமாகத்தான் இருந்தன. ஒன்றுக்கு ஒரு பாதை, மற்றொன்றுக்கு இரண்டு.

கணினியைத் திறக்காமலே அதை உறுதிசெய்ய முடிந்தது. லினக்ஸில் டிமைடிகோட் என்ற கட்டளை மதர்போர்டின் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் என்ன இருக்கிறது என்று சொல்லும். மூலைக் கணினியில் 8 ஜிபி, 8 ஜிபி, இரண்டு காலி. மாணவனின் கணினியில் 16 ஜிபி ஒன்று, மூன்று காலி. அதே பட்டியலில் இன்னொரு சிறு பாடமும் இருந்தது. அந்த 16 ஜிபி ஸ்டிக்கின் சொந்த வேகம் 3200, இப்போது ஓடும் வேகம் 2666 என்று இரண்டு எண்கள். ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரிய எண் இருக்கலாம். புராசசரும் மதர்போர்டும் அனுமதிக்கும் வேகத்தில்தான் அது ஓடும். சீட்டைப் பார்த்துவிட்டுப் புதிய கணினிதான் வேகமானது என்று முடிவு கட்டியிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. கொள்முதல் ஆணையில் '16 ஜிபி டிடிஆர்4' என்று இருந்தது; வந்தது 16 ஜிபி டிடிஆர்4. எட்டும் எட்டுமாக இரண்டா, பதினாறாக ஒன்றா என்று ஆணை கேட்கவில்லை. குறைந்த விலைக்கு முன்வருபவரிடம் வாங்கவேண்டும் என்ற விதியின்கீழ், கேட்காத ஒன்றைக் கொடுக்க எந்த விற்பனையாளருக்கும் தேவையில்லை. பின்னால் ரேம் கூட்டிக்கொள்ள ஸ்லாட் மிச்சமாகும் என்று ஒற்றை ஸ்டிக்கை நன்மையாகவே எடுத்துச் சொல்பவர்களும் உண்டு. தட்டச்சும் மின்னஞ்சலும் பார்க்கும் அலுவலகக் கணினிக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவும் தெரியாது. ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே ஆணையில் கணினி வாங்குவதில்தான் சிக்கல்.

மூத்தவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. ஆய்வகத்தின் மூன்றாவது மாணவி ஒருத்தி வலைப்பின்னல்களில் தேடும் நிரலை ஒற்றை ஸ்டிக் கணினிகளில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் எந்தக் குறையும் சொல்லவில்லையே, ஏன்? இதற்காக வேறொரு சோதனை செய்தார்கள். நினைவகத்தில் எண்களைத் தாறுமாறாகச் சங்கிலிபோல் கோத்து, ஒவ்வொரு எண்ணும் அடுத்து எங்கே போகவேண்டும் என்று சொல்லும்படி வைத்துவிட்டால், ஒன்று வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்க முடியும். முன்கூட்டியே ஊகித்துக் கொண்டுவரும் தந்திரம் எதுவும் பலிக்காது. இப்படி அளந்தால் கிடைப்பது தாமதம். இரு கணினிகளிலும் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 80 நானோவிநாடி என்றே வந்தது. பாதை இரண்டானாலும் ஒற்றை வண்டியின் பயண நேரம் குறைவதில்லை. மூன்றாவது மாணவியின் நிரல் அப்படி ஒற்றை வண்டியாகப் போவது.

நினைவகத்தின் 'வேகம்' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை. 2000களில் புழங்கிய டிடிஆர்-400 நினைவகத்தில் நெடுவரிசை முகவரி சொன்ன பிறகு தரவு வெளிவர 3 கடிகாரத் துடிப்புகள். நேரமாக மாற்றினால் 15 நானோவிநாடி. 2012இல் தரநிலையாக வந்த டிடிஆர்4 வகையில் 2666 வேகத்துக்கு வழக்கமான 19 துடிப்பு என்பது 14.25 நானோவிநாடி. 2020இல் வந்த டிடிஆர்5 வகையில் 4800 வேகத்துக்கு 40 துடிப்பு என்பது 16.7. இதே காலத்தில் ஒரு ஸ்டிக் கடத்தும் தரவு விநாடிக்கு 3.2 ஜிகாபைட்டிலிருந்து 38.4க்கு, பன்னிரண்டு மடங்கு ஏறிவிட்டது. அதாவது குழாய் மட்டும் அகன்றுகொண்டே வந்திருக்கிறது. குழாயைத் திறந்தால் முதல் சொட்டு விழ ஆகும் நேரம் இருபதாண்டுகளாக ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. விளம்பரங்கள் முன்னதைத்தான் சொல்லும். தன் நிரலுக்குத் தேவை அகலமா, முதல் சொட்டா என்று தெரியாதவருக்கு இரண்டு எண்களாலும் பயனில்லை.

மாணவன் தொடக்கத்தில் ஒரு கோரில் மட்டும் ஓட்டிப் பார்த்தபோது ஐயம் ஏன் எழவில்லை என்பதும் இதோடு சேர்ந்து விளங்கியது. 80 நானோவிநாடி தாமதமுள்ள பாதையில் விநாடிக்கு 42.7 ஜிகாபைட்டை நிரப்ப வேண்டுமானால், எந்த நொடியிலும் சுமார் 53 கேஷ் வரிகள் வழியில் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒற்றைக் கோர் ஒரே சமயத்தில் அத்தனை வரிகளைக் கேட்டுக் காத்திருக்காது. ஆகவே அது இரண்டாம் பாதையைப் பெரும்பாலும் காலியாகவே விட்டுவைக்கும். இரு கணினிகளும் ஒரே மாதிரிபோலத் தோன்றும். ஆறு கோர்களும் ஒன்றாகக் கேட்கும்போதுதான் நெரிசல் வெளிப்படும்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் நெறியாளர் கேட்டது நிரூபணம். கூட்டிக் காட்டப் புதிய ஸ்டிக் வாங்க அனுமதியும் நேரமும் இல்லை. எடுத்துக் காட்டலாமே என்று மூத்தவள் சொன்னாள். மாணவனின் கணக்கிற்கு 8 ஜிபியே போதும். தன் கணினியிலிருந்து ஒரு ஸ்டிக்கைக் கழற்றச் சொன்னாள். உத்தரவாத முத்திரையை உடைக்கப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே உதவியாளர் கணினியைத் திறந்தார். ட்ரையட் 26.3இலிருந்து 13.9க்கு விழுந்தது. 356 விநாடி ஓடிய நிரல் 664 ஆயிற்று. ரேமின் அளவு பாதியானதால் இது நேரவில்லை, நிரல் 8 ஜிபியைத் தொடவே இல்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து மறுதலை. இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளையும் மாணவனின் கணினியில் போடவேண்டும். உதவியாளர் 16ஐக் கழற்றிவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் அழுத்தி மூடினார். ட்ரையட் 14.1. மாணவனின் முகம் வாடிவிட்டது. ஐந்து நாள் வேலையும் சரிந்துவிட்டதுபோல் ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பொதுவாக அருகருகே இருக்கும் இரண்டும் ஒரே சேனலைச் சேர்ந்தவை. ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டால்தான் இரண்டு சேனலும் வேலை செய்யும். பல பலகைகளில் இதற்காகவே ஸ்லாட்டுகளுக்கு வண்ணம் தீட்டியிருப்பார்கள். அந்தப் பலகையில் நான்கும் கறுப்பு. பலகையின் ஓரத்தில் கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில் சேனலின் பெயர் அச்சாகியிருந்ததைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்து, புராசசருக்கு அடுத்து இரண்டாவதிலும் நான்காவதிலும் மாற்றிப் போட்டார்கள். ட்ரையட் 26.1. நிரல் 359 விநாடி.

தவறாகப் போடப்பட்ட அந்த ஒரு முறைதான் இருப்பதிலேயே மதிப்புள்ள சோதனை. அதே இரண்டு ஸ்டிக், அதே 16 ஜிபி, அதே பலகை, அதே புராசசர். மாறியது ஸ்லாட் ஒன்று மட்டும். ஆய்வேட்டின் அந்த வரி இரண்டு நிலைகளையும் ஒரே சொற்களால்தான் வருணிக்கும்.

ஏழாம் நாள் பழைய நிரலும் வந்து சேர்ந்தது. வேலைக்குப் போயிருந்தவர் மூத்தவளின் மின்னஞ்சலுக்கு ஒரு வரிப் பதிலோடு அதை அனுப்பிவிட்டார். யாரும் முன்பே கேட்டிருந்தால் முன்பே அனுப்பியிருப்பார். பழைய முறை, இரண்டு சேனலில் 411 விநாடி. ஆய்வேட்டின் 412 பொய்யில்லை. ஒரு சேனலில் 759. புதிய முறை, இரண்டு சேனலில் 356. ஒரு சேனலில் 655. எந்தக் கணினியில் வைத்து ஒப்பிட்டாலும் புதியதுக்குப் பழையதைவிட நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு குறைவான நேரம். கணக்குச் சொன்ன ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. விரிக்கும் செலவு இருக்கத்தான் செய்கிறது. நெறியாளரின் ஊகம் முழுப் பொய் அன்று. ஆனால் அது சேமிப்பை விழுங்கவில்லை, கொறித்திருக்கிறது, அவ்வளவே.

மதிப்பீட்டுக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நான்கு எண்கள் கொண்ட அட்டவணையை நெறியாளரே விளக்கினார். வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர், இதைவிடப் பெரிய முன்னேற்றம் கிடைக்காதா என்று கேட்டார். குறிப்பு 2 பைட்டிலிருந்து ஒன்றுமே இல்லாமல் போனாலும் எண்ணுக்கு 8 பைட் வந்தே தீரவேண்டும், ஆகவே பழைய முறையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த வித்தையாலும் குறைக்க முடியாது என்று மாணவன் சொன்னான். இரண்டு மாதங்களுக்கு முன் அவனால் அந்த விடையைச் சொல்லியிருக்க முடியாது. திருப்திகரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

இப்போது அந்த ஆய்வகத்தின் ஒவ்வொரு கணினியின் முகப்பிலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. எத்தனை ஸ்டிக், எந்த ஸ்லாட்டுகள், ஓடும் வேகம், ட்ரையட் எண், அளந்த தேதி. ஒன்பது கணினிகளில் ஆறு ஒற்றை ஸ்டிக். ஆய்வேட்டில் எழுதும் வரியும் சற்று நீண்டிருக்கிறது. அந்த ஆறில் ஓடி வெளிவந்த பழைய அட்டவணைகளில் எவை எந்தக் கணினியின் எண்கள் என்பதை மூத்தவள் ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் ஆய்வேட்டுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. இரண்டு இடங்களில் யாருடைய முறை நல்லது என்ற முடிவே மாறக்கூடும் என்று தெரிகிறது. ஒன்றில் தோற்றதாக எழுதப்பட்ட முறைக்குச் சொந்தக்காரர் ஆய்வைப் பாதியில் விட்டுப் போனவர்.

அடுத்த ஆண்டுக்கான எட்டுக் கணினிகளின் கோரிக்கைப் படிவத்தில் '16 ஜிபி (8 × 2, இரு சேனல்களிலும் பொருத்தப்பட்டது)' என்று எழுதி அனுப்பினார்கள். கொள்முதல் பிரிவிலிருந்து கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. இந்த நிபந்தனை போட்டியைக் கட்டுப்படுத்துவதாக அமையாதா, இதற்கான தொழில்நுட்பத் தேவை என்ன, விளக்கவும். மாணவன் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறான். நான்கு எண்களையும் இணைத்திருக்கிறான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார்.